இரண்டு சிகரெட், நான்கு காபி: எதை முதலில் தராசில் வைப்பது?

நண்பர் ஒருவர் தன் அன்றாடப் பழக்கங்களை எல்லாம் எழுதி, இவற்றில் எது உடம்புக்கு லாபம், எது நஷ்டம், எப்படி எடைபோடுவது என்று கேட்டிருந்தார். அவருக்கு வயது 43. நாளுக்கு நான்கு காபி, கடைசிக் காபி மாலை ஆறு மணிக்கு. எட்டு மணி நேரம் உட்கார்ந்தே செய்யும் வேலை. நடப்பது 4,500 அடிகள்தான். பத்தாயிரம் வரவில்லையே என்ற உறுத்தல். சனிக்கிழமை இரண்டு கோப்பை மது. அது இதயத்துக்கு நல்லது என்று படித்திருக்கிறார். மருத்துவர் எழுதித் தராமலேயே தினமும் ஒரு வைட்டமின் மாத்திரை, ஒரு ஆஸ்பிரின். விரல்களில் நெட்டி முறிக்கும் பழக்கம் உண்டு, மூட்டு தேய்ந்துவிடுமோ என்று பயம். ஒரு வருடமாகத் தூக்கம் சரியில்லை. கடைசியாக அரை வரி: போன வருடம் 15 சிகரெட்டிலிருந்து இரண்டுக்கு வந்துவிட்டேன், அதனால் அது இனிப் பெரிய விஷயமில்லை.

காபியைப் பற்றி ஏழு வரி எழுதியவர் சிகரெட்டை அரை வரியில் முடித்துவிட்டார். நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்த அளவைத் திருப்பிப் போடுவதுதான். நம்மில் பலர் சின்னப் பழக்கங்களுக்கு மணிக்கணக்காகக் கவலைப்படுகிறோம். பெரியது ஒன்று பக்கத்திலேயே இருக்கும். பழகிப்போனதால் கண்ணில் படுவதில்லை.

முதலில், ஏன் இந்தக் குழப்பம் வருகிறது என்று பார்க்கலாம். உடல்நலச் செய்திகள் பெரும்பாலும் சதவீதத்தில் வருகின்றன. 2015-இல் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்றது. உலகமே அதிர்ந்தது, ஏனென்றால் அதே முதல் பிரிவில்தான் புகையிலையும் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு சொல்வது "ஆதாரம் எவ்வளவு உறுதி" என்பதை மட்டும்தான். "ஆபத்து எவ்வளவு பெரிது" என்பதை அல்ல. சரி, அந்த 18 சதவீதம்? நூறு பேரில் ஐந்து பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நூறு பேரும் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் ஐந்து ஏறக்குறைய ஆறாகும். நூறில் ஒருவர் கூடுதல். அது சும்மா ஒதுக்கக்கூடியது இல்லை, ஆனால் "18 சதவீதம்" என்று கேட்டபோது மனதில் எழுந்த படமும் இல்லை. அதனால் எந்தச் செய்தியைப் பார்த்தாலும், "எத்தனை பேரிலிருந்து எத்தனை பேராக மாறுகிறது?" என்று கேளுங்கள். அந்த எண்ணைத் தராத கட்டுரையை நான் பாதி எடையில்தான் வாசிப்பேன்.

வெவ்வேறு பழக்கங்களை ஒரே தராசில் வைக்க எனக்கு மிகவும் உதவிய அளவுகோல் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்டர் 2012-இல் முன்வைத்தது, பெயர் மைக்ரோலைஃப். வயதுவந்த ஒருவருக்கு மீதமுள்ள ஆயுள் சுமார் 57 ஆண்டுகள் என்று வைத்தால், அது ஏறக்குறைய பத்து லட்சம் அரைமணி நேரங்கள். அந்த அரைமணி நேரம்தான் ஒரு மைக்ரோலைஃப். ஒரு பழக்கம் நாளுக்கு எத்தனை அரைமணியைக் கொடுக்கிறது, எத்தனையை எடுக்கிறது என்று கணக்கிடலாம். அவர் கணக்கில் இரண்டு சிகரெட் ஓர் அரைமணியை எடுத்துக்கொள்கிறது. நாளுக்கு 20 சிகரெட் என்றால் ஐந்து மணி நேரம். அதாவது ஒவ்வொரு நாளும் 24 மணி நேரத்துக்குப் பதில் 29 மணி நேரம் மூப்பை நோக்கி ஓடுகிறோம். உடற்பயிற்சியில் முதல் இருபது நிமிடம் இரண்டு அரைமணிகளைத் திருப்பித் தருகிறது. அதற்கு மேல் செய்யும் நாற்பது நிமிடம் ஒரே ஓர் அரைமணியைத்தான் தருகிறது. இவை பெரிய மக்கள் கூட்டத்தின் சராசரிகள், உங்கள் கைரேகை இல்லை. ஆனாலும் மணியையும் நிமிடத்தையும் பார்த்தவுடன் எது மலை, எது கூழாங்கல் என்று தெரிந்துவிடுகிறது.

நன்மையும் தீமையும் ஒரே பழக்கத்தில் கலந்திருக்கும்போது எப்படி எடைபோடுவது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் சைக்கிள். கார் ஓட்டுபவர் சைக்கிளுக்கு மாறினால் உடற்பயிற்சி கிடைக்கும், கூடவே புகையையும் ஆழமாக இழுப்பார், விபத்துக்கும் ஆளாகலாம். 2010-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மூன்றையும் ஆயுள் நாட்களாக மாற்றிப் பார்த்தார்கள். உடற்பயிற்சியால் கிடைப்பது 3 முதல் 14 மாதம். காற்று மாசால் போவது ஒரு நாளுக்கும் குறைவிலிருந்து 40 நாட்கள் வரை. விபத்தால் போவது 5 முதல் 9 நாட்கள். மூன்றையும் ஒரே அலகில் வைத்த பிறகு விவாதிக்க அதிகம் இல்லை. சாலைகள் மோசமாக இருக்கும் இடத்தில் எண்கள் மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை அதேதான்.

அப்புறம், "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்ற பழமொழியை இந்தப் பேச்சில் யாராவது எடுத்துவிடுவார்கள். காபிக்கு அது சரி. சிகரெட்டுக்குச் சரியில்லை. அளவாக இருந்தால் எதுவும் பரவாயில்லை என்ற நினைப்பை அந்தப் பழமொழி நமக்குள் விட்டுச்செல்கிறது, அங்கேதான் நண்பரின் அரை வரி நிற்கிறது.

15 சிகரெட்டிலிருந்து இரண்டுக்கு வந்தது சாதாரணக் காரியம் இல்லை. அதை மனதாரப் பாராட்டுகிறேன். நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை அளவு குறையக் குறைய ஆபத்தும் நன்றாகவே குறைகிறது, அதில் அவர் நிறையச் சம்பாதித்துவிட்டார். ஆனால் இதயம் வேறு மாதிரிக் கணக்குப் போடுகிறது. 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 141 ஆய்வுத் தொகுதிகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடும் இதயநோய் அபாயத்தில், ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கு எவ்வளவு இருக்கும்? இருபதில் ஒன்று, அதாவது 5 சதவீதம் என்றுதான் யாரும் நினைப்போம். ஆண்களுக்கு ஏறக்குறைய பாதி என்று வந்தது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளத் தயாராவதற்கும், ரத்தக் குழாயின் உட்சுவர் விரைத்துப்போவதற்கும் கொஞ்சம் புகையே போதும். மேற்கொண்டு வரும் புகை, ஏற்கெனவே நடந்துவிட்ட கேட்டின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்கிறது. ஆபத்தின் கோடு முதல் சிகரெட்டிலேயே செங்குத்தாக ஏறி, அதன் பிறகு மெதுவாகத்தான் ஏறுகிறது. மேலே சொன்ன "இரண்டுக்கு ஓர் அரைமணி" என்ற சராசரி இந்த இடத்தில் நம்மை ஏமாற்றும். அது அதிகம் பிடிப்பவர்களின் இழப்பைச் சமமாகப் பிரித்து வந்த எண்.

என் அப்பா கடைசிப் பத்து வருடங்கள் "ரெண்டே ரெண்டுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் அதை ஒத்துக்கொண்டிருந்தோம். அவருடைய முதல் மாரடைப்பு அந்த ரெண்டே ரெண்டு காலத்தில்தான் வந்தது. ஒரு மனிதரின் கதை ஆதாரம் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வார்த்தையை யார் சொன்னாலும் என்னால் பேசாமல் கடந்து போக முடியவில்லை.

நல்ல செய்தி பெரிது. ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களைப் பின்தொடரத் தொடங்கினார்கள். ஐம்பது ஆண்டு முடிவுகள் 2004-இல் வந்தன. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பக் கிடைத்தது. 40-இல் விட்டவர்களுக்கு ஒன்பது, 50-இல் ஆறு, 60-இல் மூன்று. நண்பருக்கு வயது 43. அவருடைய பட்டியலில் வேறு எந்த மாற்றமும் இதன் பக்கத்தில் வராது. மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் வருமா என்று எனக்குச் சந்தேகம். விடும் முறை பற்றி இரண்டு விஷயம்: 2016-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையில், படிப்படியாகக் குறைத்தவர்களைவிட ஒரு நாள் குறித்து ஒரேயடியாக நிறுத்தியவர்கள் அதிகம் வென்றார்கள். நான்கு வாரத்தில் 39 சதவீதத்துக்கு எதிராக 49. நிகோடின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை போன்றவை வெல்லும் வாய்ப்பைச் சுமார் ஒன்றரை மடங்காக்குகின்றன. மன உறுதி மட்டும் போதும் என்று தனியாக மல்லுக்கட்ட வேண்டிய தேவை இல்லை.

இனி உட்காருவதும் நடப்பதும். உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறையே ஒரு பேருந்தில்தான் பிறந்தது. 1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர், லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கிச் சீட்டுக் கிழித்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் 1956-இல் செய்தது. சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு இளம் வயதிலேயே பெரிதாக இருந்தது. அப்படியானால் உட்கார்ந்ததால் இதயம் கெட்டதா, அல்லது ஏற்கெனவே பருமனானவர்கள் ஓட்டுநர் வேலைக்குப் போனார்களா? தன் முடிவைத் தானே சோதித்துப் பார்க்கும் இந்தக் குணம்தான் நல்ல ஆய்வாளரின் அடையாளம். "இதைச் செய்பவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள்" என்று எங்கே படித்தாலும் அந்தச் சீருடைகளை நினைத்துக்கொள்ளுங்கள்: செய்ததால் நலமா, நலமாக இருப்பதால் செய்ய முடிகிறதா? பின்னாளில் வேறு வேறு வழிகளில் நடந்த ஏராளமான ஆய்வுகள் உடலுழைப்பின் பலனை உறுதிப்படுத்திவிட்டன.

பத்தாயிரம் அடிகள் என்ற எண்ணுக்குப் பின்னால் மருத்துவ ஆராய்ச்சி எதுவும் இருந்ததில்லை. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் அது, "பத்தாயிரம் அடி அளவி". 2019-இல் சராசரி வயது 72 உள்ள பெண்களைப் பார்த்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு 41 சதவீதம் குறைவு; 7,500-க்கு மேல் பலன் சமமாகிவிட்டது. பல ஆய்வுகளைச் சேர்த்த 2022-ஆம் ஆண்டுக் கட்டுரை, 60 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தச் சமதளம் எட்டாயிரம் முதல் பத்தாயிரத்தில் வருகிறது என்கிறது. ஆக, நண்பருக்கு ஏறுவதற்கு இடம் இருக்கிறது. ஆனால் மலையின் செங்குத்தான பகுதி கீழேதான்; 4,500-இலிருந்து 6,500-க்குப் போவதில் கிடைப்பது, எட்டிலிருந்து பத்துக்குப் போவதைவிட அதிகம். கடைசி இரண்டாயிரம் வரவில்லையே என்று உறுத்திக்கொள்ள வேண்டாம். நாளெல்லாம் உட்காருவதைப் பற்றிய பயத்துக்கும் ஒரு விடை உண்டு: பத்து லட்சம் பேருக்கு மேல் சேர்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், தினமும் 60 முதல் 75 நிமிடம் மிதமாக உழைத்தவர்களுக்கு எட்டு மணி நேர உட்காருதலின் கூடுதல் அபாயம் காணப்படவில்லை.

மது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் குடிப்பவர்கள், குடிக்காதவர்களைவிட நன்றாக இருக்கிறார்கள் என்று பல பழைய ஆய்வுகள் காட்டியது உண்மைதான். ஆனால் குடிக்காதவர்கள் வரிசையில், உடம்பு கெட்டுப்போய்க் குடியை நிறுத்தியவர்களும் நின்றார்கள். மறுபடியும் அதே சீருடைக் கதை. சீனாவில் ஐந்து லட்சம் பேரைப் பின்தொடரும் ஆய்வு, 2019-இல் இதைப் பிறவி மரபணு வழியாகச் சோதித்தது. சிலருக்கு மதுவை உடைக்கும் நொதி பிறப்பிலேயே சரியாக வேலை செய்யாது, அதனால் அவர்கள் குறைவாகக் குடிப்பார்கள். இதில் அவர்களின் உடல்நிலைக்கோ வாழ்க்கை முறைக்கோ பங்கு இல்லை. அப்படிப் பார்த்தபோது மிதமான குடியின் பாதுகாப்பு மறைந்துவிட்டது; குடி கூடக் கூடப் பக்கவாதமும் கூடியது. ஆகவே சனிக்கிழமை இரண்டு கோப்பையை மருந்து என்று வரவில் எழுதக் கூடாது. அது ஒரு சிறிய செலவு. அந்தச் செலவைத் தெரிந்தே செய்வதா என்பது அவர் விருப்பம்.

மாத்திரைகள் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. வைட்டமின் என்ற சொல்லே நல்லது என்ற நினைப்பைத் தருகிறது. பின்லாந்தில் புகைப்பிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துப் பெரிய சோதனை நடந்தது. காய்கறி, பழம் அதிகம் சாப்பிடுபவர்களின் ரத்தத்தில், உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் அதிகம், அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயும் குறைவு. எனவே மாத்திரையாகக் கொடுத்தால் காப்பாற்றும் என்று நம்பினார்கள். 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். நண்பரே, நீங்கள் இன்னும் புகைப்பதால், அந்த டப்பாவின் பின்புறத்தில் பீட்டா கரோட்டின் இருக்கிறதா, எவ்வளவு என்று இன்றே பாருங்கள். ஆஸ்பிரினும் அப்படித்தான். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும், குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் அது உயிர் காக்கும் மருந்து. மருத்துவர் தந்திருந்தால் இதைப் படித்துவிட்டு நிறுத்தவே கூடாது. எந்த இதயநோயும் இல்லாதவர் தினமும் எடுப்பது வேறு விஷயம். நலமாக இருந்த 19,114 முதியவர்களிடம் நடந்து 2018-இல் முடிவு வந்த சோதனையில், ஊனமில்லாமல் வாழும் காலம் கூடவில்லை. பெரிய ரத்தப்போக்கு மட்டும் 2.8 சதவீதத்திலிருந்து 3.8 ஆனது. 43 வயதுக்கு எண்கள் வேறாக இருக்கலாம், ஆனால் ரத்த அழுத்தம், கொழுப்பு, வயிற்றுப் புண் எல்லாவற்றையும் பார்த்து ஒரு மருத்துவர் போட வேண்டிய கணக்கு இது.

நெட்டி முறிப்பதற்கு இதோ விடை. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவரைச் சிறுவயதில் அவர் அம்மா இதற்காகக் கண்டித்தார். அவர் ஐம்பது ஆண்டுகள் இடது கையில் மட்டும் தினமும் நெட்டி முறித்து, வலது கையை விட்டுவைத்தார். இரண்டு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை. 1998-இல் அதை எழுதி வெளியிட்டார். ஒரே மனிதர்தான், ஆனால் கூடுதல் ஆட்களை வைத்துப் பார்த்த மற்ற ஆய்வுகளும் மூட்டுத் தேய்மானத்தோடு தொடர்பு எதையும் காணவில்லை. வலியோ வீக்கமோ இல்லாதவரை இதற்காக ஒரு நிமிடம்கூடக் கவலைப்பட வேண்டாம்.

காபியையும் தூக்கத்தையும் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். காபிக்கு ஒருகாலத்தில் கெட்ட பெயர் இருந்தது. 1991-இல் அதே புற்றுநோய் முகமை, அது சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. 2016-இல் அந்த வகையிலிருந்து எடுத்துவிட்டது. காபி அதிகம் குடித்தவர்கள் புகைத்தும் இருந்தார்கள், புகையின் பழி காபி மேல் விழுந்தது என்பது பெரும்பகுதிக் காரணம். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது மட்டும் உணவுக்குழாய்க்கு ஆபத்தாக இருக்கலாம் என்று எச்சரித்தது. அது எந்தப் பானத்துக்கும் பொருந்தும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல், பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை, கர்ப்பிணிகளுக்கு 200 வரை பாதுகாப்பு என்றது. நான்கு கோப்பை பொதுவாக அதற்குள் அடங்கிவிடும். எத்தனை கோப்பை என்பது நண்பருக்குப் பிரச்சினை இல்லை. எத்தனை மணிக்கு என்பதுதான். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவர்கள்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தை இழந்ததாக 2013-இல் ஒரு சோதனை காட்டியது.

சரி, அதே நான்கு காபியை அவர் முன்பும் குடித்தாரே, தூக்கம் ஏன் ஒரு வருடமாக மட்டும் கெட்டது? அவர் கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. சிகரெட்டைக் குறைத்தும் ஒரு வருடம் ஆகிறது. புகையில் உள்ள தார் சார்ந்த வேதிப்பொருட்கள், காஃபீனை உடைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடுகின்றன. அதனால் நிறையப் புகைப்பவர்களின் உடம்பு, மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் காஃபீனை வெளியேற்றுகிறது. புகை குறைந்த சில நாட்களிலேயே நொதி பழைய நிலைக்கு இறங்கிவிடும். காபி அதே நான்குதான், ஆனால் ரத்தத்தில் தங்கும் காஃபீன் முன்பைவிட அதிகம். மாலை ஆறு மணிக் காபி நள்ளிரவிலும் பாதி விழித்திருக்கும். இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. குறட்டை, மூச்சு முட்டி எழுவது, மனச்சோர்வு ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். ஆனால் இதைச் சோதிக்கச் செலவே இல்லை. இரண்டு வாரம் கடைசிக் காபியை மதியம் பன்னிரண்டுக்கு முன் முடித்துக்கொண்டு, தூங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள்.

அந்தக் கடைசி இரண்டு சிகரெட்டை நிறுத்த நாள் குறிக்கும்போதும் இதை மறக்க வேண்டாம். நொதியைத் தூண்டுவது புகைதான், நிகோடின் இல்லை. அதனால் நிகோடின் பட்டை ஒட்டினாலும் காஃபீன் மெதுவாகத்தான் வெளியேறும். இரண்டிலிருந்து பூஜ்யத்துக்குப் போகும்போது மாற்றம் சிறிதாகவே இருக்கும், ஆனால் அந்த வாரம் கை சும்மா இருக்கிறதே என்று ஐந்தாவது, ஆறாவது காபி வந்துவிடும். படபடப்பு, எரிச்சல், கொட்டக் கொட்ட விழித்திருக்கும் இரவு எல்லாம் சேர்ந்து, சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நம்பி மூன்றாம் நாள் மறுபடி பற்றவைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாரத்துக்கு மட்டும் காபியை இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.